குழந்தைகளோடு நெய்வேலி: புதிதாகப் போகிறவர்களுக்கு

கடலூருக்கோ புதுச்சேரிக்கோ மாற்றலாகி வரும் குடும்பங்கள் முதல் இரண்டு மாதத்துக்குள் சில்வர் பீச், புதுச்சேரிக் கடற்கரைச் சாலை, பிச்சாவரம் மூன்றையும் முடித்துவிடுகிறார்கள். அப்புறம் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பிள்ளைகளிடமிருந்து ஒரே கேள்வி: இன்னைக்கு எங்கே? நெய்வேலிக்குப் போங்களேன் என்று சொன்னால் பலருக்கும் முகம் சுருங்குகிறது. கரியும் புகையும் பார்க்கவா லீவு நாளைச் செலவழிப்பது என்று நினைக்கிறார்கள்.

சுரங்கத்தைப் பார்ப்பதற்குத்தான் போகிறோம், அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. வீட்டில் சுவிட்சைத் தட்டினால் விளக்கு எரிகிறது என்பதற்கும், அதற்காக ஒரு ஊரே தோண்டப்படுகிறது என்பதற்கும் நடுவே உள்ள தூரத்தை ஒரே நாளில் கண்ணால் பார்க்க முடிகிற இடம் தமிழ்நாட்டில் வேறு எங்கே இருக்கிறது? கூடவே மரங்கள் அடர்ந்த ஒரு டவுன்ஷிப், பத்து கிலோமீட்டர் தொலைவில் வள்ளலாரின் வடலூர், வழி முழுக்க முந்திரித் தோப்பும் பலாவும். ஐந்து வயதுக்கு மேல் இருக்கும் பிள்ளைகளுக்கு இது நல்ல நாளாக அமையும். அதற்குக் கீழே என்றால் சுரங்கத்தை விட்டுவிட்டு மற்றதைப் பாருங்கள். தூசியிலும் வெயிலிலும் இடுப்பில் தூக்கிக்கொண்டு நிற்பது யாருக்கும் சுகமில்லை.

கிளம்புவதற்கு முன் என்னென்ன செய்ய வேண்டும் என்பதிலிருந்து வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் நாளைத் தேர்ந்தெடுங்கள்

ஜனவரி, பிப்ரவரி மாதங்கள்தான் சிறந்தவை. பனி விலகி, வெயில் இன்னும் ஏறாமல் இருக்கும். அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. கடலூர் மாவட்டத்தில் மழை என்றால் வெறும் தூறல் இல்லை, புயல் எச்சரிக்கையோடு வருவது. சுரங்கத்துக்குள் சேறும் தண்ணீருமாக இருக்கும் அந்த நாட்களில் பார்வையாளர்களை அனுமதிப்பார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். மே மாதக் கத்திரி வெயிலில் போவதானால் ஒன்பது மணிக்குள் அங்கே இருக்க வேண்டும், பன்னிரண்டுக்கு நிழலுக்குள் வந்துவிட வேண்டும். ஆனால் மே, ஜூனில் ஒரு லாபம் உண்டு: பண்ருட்டிப் பலா.

இரண்டு நாட்களைக் குறிப்பாகக் கவனியுங்கள். தைப்பூசத்தன்று வடலூரில் ஜோதி தரிசனம். மாவட்டமே அங்கே திரண்டுவிடும், வடலூர் நாற்சந்தியைக் கடப்பதே பெரும்பாடு. பங்குனி உத்திரத்தன்று நெய்வேலி வில்லுடையான்பட்டு முருகன் கோயிலில் காவடிக் கூட்டம். கூட்டமும் மேளமும் பிடித்த குடும்பம் என்றால் அந்த நாட்களிலேயே போகலாம். ஆனால் சுரங்கத்தையும் அதே நாளில் பார்க்கலாம் என்று திட்டம் போடாதீர்கள். புத்தகம் படிக்கும் பிள்ளைகள் இருந்தால் நெய்வேலி புத்தகக் கண்காட்சியை மனதில் வையுங்கள். சுரங்கத்தை நடத்தும் என்.எல்.சி. நிறுவனமே நடத்துவது, வழக்கமாக ஜூன், ஜூலைப் பக்கம் வரும். தேதியை அந்தந்த ஆண்டு விசாரித்துக்கொள்ளுங்கள்.

அனுமதி

இதில்தான் புதியவர்கள் ஏமாந்து திரும்புகிறார்கள். நெய்வேலிச் சுரங்கம் மூடிப்போட்டுக் காட்சிப்பொருளாக வைத்த பழைய சுரங்கம் இல்லை. இரவும் பகலும் ஷிப்ட் முறையில் ஓடிக்கொண்டிருப்பது. மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படை காவல் நிற்கும் இடம். வாசலில் போய் நின்று "சும்மா பாத்துட்டுப் போறோம்" என்றால் நடக்காது.

என்.எல்.சி. நிறுவனத்தின் மக்கள் தொடர்புத் துறைக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும். கடிதத்தில் வருகிறவர்களின் பெயர், வயது, வரும் நாள், வண்டி எண் எல்லாம் இருக்கட்டும். பெரியவர்கள் ஆதார் அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை வயதுப் பிள்ளைகளை அழைத்து வரலாம், மேலே நின்று பார்ப்பது மட்டுமா, உள்ளே இறங்கவும் விடுவார்களா, புகைப்படம் எடுக்கலாமா என்ற மூன்றையும் அப்போதே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. பள்ளி, குடியிருப்போர் சங்கம் போன்ற குழுவாக விண்ணப்பித்தால் ஒரே கடிதத்தில் வேலை முடியும். நெய்வேலியில் வேலை பார்க்கும் உறவினரோ நண்பரோ இருந்தால் அவரிடம் வழி கேளுங்கள். கடலூர் மாவட்டத்தில் யாருக்குத்தான் நெய்வேலியில் ஒரு சித்தப்பாவாவது இல்லை?

அனுமதி கிடைக்கவில்லை என்றாலும் பயணத்தை ரத்து செய்ய வேண்டியதில்லை. சுரங்கத்தைச் சுற்றிப் போகும் சாலைகளிலிருந்தே மண்மலைகளையும், கன்வேயர்களையும், அனல்மின் நிலையப் புகைபோக்கிகளையும் பார்க்கலாம். பாதி நாள் கதை அதிலேயே இருக்கிறது.

எந்த வழி, எங்கே இறங்குவது

கடலூரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர், புதுச்சேரியிலிருந்து 60 கிலோமீட்டருக்கு மேல். இரண்டு வழிகள் இருக்கின்றன. குறிஞ்சிப்பாடி, வடலூர் வழியாக விருத்தாசலம் போகும் சாலை ஒன்று. பண்ருட்டி, காடாம்புலியூர் வழியாகக் கும்பகோணம் போகும் சாலை இன்னொன்று. வடலூரில் இரண்டும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன.

நெய்வேலிக்கு இரண்டு முகங்கள் உண்டு என்பதைப் புதியவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பண்ருட்டிச் சாலையில் வந்தால் ஆர்ச் கேட். அங்கிருந்து உள்ளே போனால் டவுன்ஷிப். விருத்தாசலம் பஸ்ஸில் வந்தால் மந்தாரக்குப்பம். இது சுரங்கத்துக்கும் மின் நிலையத்துக்கும் பக்கத்தில் இருக்கும் கடைத்தெரு ஊர். இரண்டுக்கும் நடுவே நடந்து போகும் தூரம் இல்லை. கண்டக்டரிடம் வெறுமனே "நெய்வேலி" என்று டிக்கெட் கேட்டால் எங்கே இறங்க வேண்டும் என்று அவரே திருப்பிக் கேட்பார். பதிலைத் தயாராக வைத்திருங்கள். டவுன்ஷிப்புக்குள் முகவரி என்றால் வட்டம் (பிளாக்) எண்தான். வட்டம் 11, வட்டம் 16 என்று எண்ணைச் சொன்னால் ஆட்டோக்காரர் கண்ணை மூடிக்கொண்டு கொண்டுபோய் விடுவார். தெருப் பெயரைச் சொன்னால் விழிப்பார்.

கடலூர் துறைமுகம் சந்திப்பிலிருந்து விருத்தாசலம் போகும் ரயில் பாதையில் நெய்வேலி நிலையம் இருக்கிறது. ரயில் என்றாலே குதிக்கும் பிள்ளை இருந்தால் ஒரு பக்கம் ரயிலில் போகலாம். ஆனால் அந்தப் பாதையில் வண்டிகள் குறைவு, இறங்கியதும் ஆட்டோ தேட வேண்டும். என் யோசனை, சொந்த வண்டி அல்லது வாடகைக் கார். ஊர் பரந்து கிடக்கிறது, பார்க்க வேண்டியவை ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி இருக்கின்றன. பஸ்ஸில் வந்தால் ஒரு ஆட்டோவை அரை நாளுக்குப் பேசிவிடுங்கள். ஏறுவதற்கு முன் வாடகையைப் பேசிக்கொள்வது எல்லா ஊருக்கும் பொது.

ஷிப்ட் மாறும் நேரத்தில் சுரங்கச் சாலைகளில் பஸ்ஸும் மோட்டார் சைக்கிளுமாக ஒரு வெள்ளம் வரும். சாம்பல் லாரிகளும் அதே சாலையில்தான். அந்த அரை மணி நேரம் எங்கேயாவது டீ குடித்துக்கொண்டிருப்பது புத்திசாலித்தனம்.

போவதற்கு முன் சொல்ல வேண்டிய கதை

விஷயம் தெரியாமல் போய் நின்றால் சுரங்கம் ஒரு பெரிய பள்ளம், அவ்வளவுதான். பிள்ளைகள் பத்து நிமிடத்தில் அலைபேசியைக் கேட்பார்கள். வண்டியில் போகும்போதே கதையைச் சொல்லிவிட வேண்டும். கதை நிஜமாகவே நன்றாக இருக்கிறது.

1930களின் நடுவில் ஜம்புலிங்க முதலியார் என்ற நிலக்காரர் தன் நிலத்தில் தண்ணீருக்காகத் துளை போட்டார். தண்ணீர் தானாகப் பீறிட்டு வந்தது. கூடவே கறுப்பாக ஏதோ தூளும் வந்தது. அவர் அதைத் தள்ளிவிட்டுப் போகவில்லை, என்னவென்று கண்டுபிடிக்கச் சொல்லி அதிகாரிகளுக்குத் தெரியப்படுத்தினார். அதுதான் பழுப்பு நிலக்கரி. அதன் பிறகு புவியியல் ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்கில் துளையிட்டுப் பார்த்தார்கள். 1956இல் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் உருவானது. 1957 மே மாதம் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். தோண்டத் தொடங்கி நான்கு ஆண்டுகள் மண்ணைத்தான் அள்ளினார்கள். 1961 ஆகஸ்டில்தான் முதல்முதலாகக் கரி கண்ணில் பட்டது. அடுத்த ஆண்டே சோவியத் உதவியோடு கட்டிய அனல்மின் நிலையத்தின் முதல் அலகு ஓடத் தொடங்கியது. 600 மெகாவாட் வரை வளர்ந்த அந்த முதல் நிலையம் 2020இல் ஓய்வு பெற்றுவிட்டது. இன்று ஓடுபவை அதற்குப் பின்னால் வந்தவை.

கரி எங்கிருந்து வந்தது என்று பிள்ளைகள் கேட்பார்கள். கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இந்தப் பகுதியில் இருந்த சதுப்புக் காடு, மண்ணுக்கு அடியில் அழுந்தி மெதுவாகக் கரியானது. முழுதாக நிலக்கரி ஆவதற்கு முந்தைய நிலை என்பதால்தான் நிறம் பழுப்பு. எடையில் பாதிக்குப் பாதி தண்ணீர். இந்தக் கரியைத் தொலைதூரம் ஏற்றிப்போவது வீண் செலவு. அதனால்தான் சுரங்கத்துக்குப் பக்கத்திலேயே மின் நிலையத்தைக் கட்டிவிட்டார்கள்: கரி ஊரிலேயே எரிகிறது, கரண்ட் மட்டும் வெளியே போகிறது.

உங்களுக்கு நாற்பது வயதுக்கு மேல் என்றால் லெக்கோ நினைவிருக்கலாம். இந்தக் கரியைக் கட்டியாக்கிச் சுட்டு விற்ற அடுப்பெரிபொருள். கேஸ் அடுப்பு எல்லா வீட்டுக்கும் வருவதற்கு முன் தமிழ்நாட்டில் எத்தனையோ சமையலறைகளில் எரிந்தது. அந்த ஆலை மூடப்பட்டுவிட்டது. தாத்தா பாட்டி கூட வருகிறார்கள் என்றால் இந்தப் பகுதியை அவர்களிடம் விட்டுவிடுங்கள், அவர்கள் சொல்வது இன்னும் நன்றாக இருக்கும்.

கதைக்குத் துணையாக ஒரு இடமும் இருக்கிறது. புதுச்சேரியிலிருந்து வருகிறவர்கள் முந்தைய வாரம் திருவக்கரைக்குப் போய்வந்தால் நெய்வேலி இரண்டு மடங்கு புரியும். வானூர் வட்டத்தில், புதுச்சேரியிலிருந்து முப்பது கிலோமீட்டருக்குள் இருக்கும் கல்மரப் பூங்கா அது. சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட மரங்கள், பட்டையும் வரியும் தெரிய, கல்லாகிக் கிடக்கின்றன. வேரும் கிளையும் இல்லாமல் அடிமரம் மட்டும் கிடப்பதால், வேறெங்கோ வளர்ந்து வெள்ளத்தில் அடித்துவரப்பட்டவை என்று புவியியலாளர்கள் சொல்கிறார்கள். இந்தக் கல்மரங்கள் கிடக்கும் பாறைப் படிவத்துக்குப் பெயரே கடலூர் மணற்கல். நெய்வேலியில் கரிக்கு மேலே வெட்டி எடுக்கிறார்களே, அதுவும் இதே கடலூர் மணற்கல்தான். மரம் ஓரிடத்தில் கல்லாகிவிட்டது, இன்னோரிடத்தில் கரியாகிவிட்டது. இரண்டையும் தொட்டுப் பார்த்த பிள்ளைக்குப் பாடப்புத்தகத்தில் அந்த அத்தியாயத்தை யாரும் சொல்லித்தர வேண்டாம். பூங்காவில் ஒரு சில்லைக்கூட எடுத்துப் பைக்குள் போடக் கூடாது, பாதுகாக்கப்பட்ட இடம். பக்கத்திலேயே வக்கிரகாளியம்மன் கோயில் இருக்கிறது.

சுரங்கத்தின் விளிம்பில்

காலையில் முதல் வேலையாக இதை வைத்துக்கொள்ளுங்கள். மூடிய ஷூ, தொப்பி, முழுக்கைச் சட்டை. வெள்ளை உடுப்பு வேண்டவே வேண்டாம். இழுப்பு, ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு இன்ஹேலரும் முகக்கவசமும் கையோடு இருக்கட்டும். ரொம்பவே அவதிப்படுகிற பிள்ளை என்றால் டவுன்ஷிப்பிலேயே ஒரு பெரியவரோடு இருக்கட்டும்.

மேலே நின்று பார்த்தால் முதலில் தெரிவது படிப்படியாக இறங்கும் மண் சுவர்கள். செம்மண், மஞ்சள், வெள்ளை என்று ஒவ்வொரு படிக்கும் ஒரு நிறம். எல்லாவற்றுக்கும் அடியில் கறுப்புப் பட்டை. கரிக்கு மேலே 50 மீட்டரிலிருந்து 100 மீட்டர் வரை மண் இருக்கிறது. ஒரு டன் கரியை எடுக்க ஐந்து கன மீட்டருக்கும் அதிகமான மண்ணை அகற்ற வேண்டும். இந்த ஒரு கணக்கைச் சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் புரியும்: இது கரி தோண்டும் இடம் என்பதைவிட மண்ணை இடம் மாற்றும் இடம்.

அந்த வேலையைச் செய்வது பக்கெட் வீல். ராட்டினத்தில் தொட்டிலுக்குப் பதிலாக இரும்புப் பற்கள் வைத்த வாளிகளைக் கட்டிவிட்டால் எப்படி இருக்குமோ அப்படி. சக்கரம் சுற்றச் சுற்ற வாளிகள் மண்ணைச் சுரண்டி எடுத்துக் கன்வேயரில் கொட்டும். ஜெர்மனியிலிருந்து வந்த தொழில்நுட்பம். தூரத்தில் நின்று பார்த்தால் மெதுவாக அசையும் பொம்மை மாதிரி இருக்கும். அளவு புரிய, அதன் பக்கத்தில் நிற்கும் ஜீப்பையோ ஆளையோ தேடச் சொல்லுங்கள். முதலில் கண்டுபிடித்த பிள்ளைக்கு ஒரு கடலைமிட்டாய். எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சுரங்கத்தில் மறக்காமல் நிற்பது இந்த விளையாட்டுதான்.

கன்வேயரை விரலால் தொடர்ந்துகொண்டே போகச் சொல்லுங்கள். கரி ஏறும் பெல்ட் மின் நிலையம் இருக்கும் பக்கம் போகும். மண் ஏறும் பெல்ட் எதிர்ப்பக்கம் போய் ஸ்ப்ரெடர் என்ற நீண்ட கை கொண்ட இயந்திரத்தில் முடியும். ஸ்ப்ரெடர் மண்ணைத் தோண்டி முடித்த பள்ளத்திலும் வெளி மேடுகளிலும் கொட்டிக்கொண்டே இருக்கும். கடலூர் மாவட்டத்தின் இந்தப் பகுதியில் கண்ணுக்கு எட்டிய வரை சமவெளி, மலை என்று ஒன்று கிடையாது. நெய்வேலியைச் சுற்றித் தெரியும் உச்சி தட்டையான குன்றுகள் எல்லாம் இப்படிக் கொட்டிக் கொட்டி உருவானவை. பழைய மேடுகளில் மரம் நட்டுக் காடாக்கியிருக்கிறார்கள். மயில் அகவும் சத்தம் கேட்டால் அங்கிருந்துதான்.

தண்ணீரையும் காட்டத் தவறாதீர்கள். கரிக்கு அடியில் அழுத்தம் மிகுந்த நீர்த்தாங்கு மணல் இருக்கிறது. ஜம்புலிங்க முதலியார் துளையில் பீறிட்டது போன்ற நீரை வைத்திருப்பது இந்த நிலம்தான். மேலே உள்ள மண்ணின் பாரம் இருக்கும் வரை அது அடங்கிக் கிடக்கும். மண்ணை எடுத்துவிட்டால் தரையைப் பிளந்துகொண்டு மேலே வந்து சுரங்கத்தை மூழ்கடிக்கும். அதனால் சுற்றிலும் ஆழ்குழாய்க் கிணறுகள் போட்டு ஓயாமல் இறைத்துக்கொண்டே இருக்கிறார்கள். மோட்டார் நின்றால் சுரங்கமும் நிற்கும். இறைத்த நீரின் ஒரு பங்கு வாலாஜா ஏரிக்குப் போய் வயல்களுக்குப் பாய்கிறது.

பெரிய பிள்ளைகளிடம் இதன் மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். தானாகப் பொங்கிய கிணறுகள் இருந்த ஊர்களில் இன்று ஆழமாகத் துளை போட்டு மோட்டார் வைக்க வேண்டியிருக்கிறது. சுரங்கம் விரிய விரிய ஊர்கள் நிலத்தையும் வீட்டையும் விட்டுப் பெயர்ந்தன; இழப்பீடு, வேலை குறித்த வழக்கு இன்னும் தீரவில்லை. 2023 ஜூலையில் வளையமாதேவியில் பரவனாற்றுக்கு மாற்று வாய்க்கால் வெட்ட, பயிர் நின்ற நெல் வயலுக்குள் இயந்திரங்கள் இறங்கியதை மாவட்டமே பார்த்தது. அங்கே டீக்கடையில் உட்கார்ந்தால் இந்தப் பேச்சு காதில் விழும். விருந்தாளியாகப் போன இடத்தில் தீர்ப்பு சொல்லாமல் கேட்டுக்கொள்வதே மரியாதை.

ஒன்றரை மணி நேரம் போதும். அதற்கு மேல் நின்றால் பிள்ளைகளுக்கும் சலிப்பு, வெயிலும் ஏறிவிடும்.

டவுன்ஷிப்பில் மதியம்

சுரங்கத்திலிருந்து டவுன்ஷிப்புக்குள் நுழைந்தால் வேறு ஊருக்கு வந்தது மாதிரி இருக்கும். அகலமான சாலைகள், இரு பக்கமும் மர நிழல், வட்டம் வட்டமாகக் குவார்ட்டர்ஸ் வீடுகள், வீட்டுக்கு வீடு மாவும் பலாவும். திட்டமிட்டுக் கட்டிய ஊர் எப்படி இருக்கும் என்று பிள்ளைகளுக்குக் காட்ட நம் பக்கத்தில் இதைவிட நல்ல இடம் இல்லை.

மெயின் பஜார் பக்கம் சாப்பாட்டுக் கடைகள் இருக்கின்றன. சாப்பிட்டுவிட்டு ஏதாவது ஒரு பூங்காவில் பிள்ளைகளை ஓடவிடுங்கள். பெரியவர்கள் மர நிழலில் காலை நீட்டலாம். இந்த நேரத்தில் இன்னொரு 'பார்க்க வேண்டிய இடத்தை'த் திணிக்காதீர்கள்.

நான்கு மணிக்கு மேல் நடராஜர் கோயில். பத்தடிக்கும் அதிக உயரமுள்ள ஐம்பொன் நடராஜர், சிதம்பரத்தில் பார்த்ததைவிடப் பெரியவர். வார்ப்புச் சிலையில் இவ்வளவு பெரிய நடராஜரைப் பார்ப்பது அரிது. இங்கே பிள்ளைகளுக்குப் பிடித்த ஒரு வழக்கம் இருக்கிறது: குறையையோ வேண்டுதலையோ மனுவாக எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டு ஆராய்ச்சி மணியை அடிக்கலாம். ஒரு தாளும் பேனாவும் எடுத்துப் போங்கள். அவர்கள் எழுதுவதை எட்டிப் பார்க்காமல் இருக்க முடியுமா என்பது உங்கள் பாடு.

நேரம் இருந்தால் வில்லுடையான்பட்டு. கையில் வில்லோடு நிற்கும் முருகன். வேலோடு மட்டுமே முருகனைப் பார்த்த பிள்ளைகள் ஏன் என்று கேட்பார்கள். கோயிலிலேயே யாரிடமாவது கேட்கச் சொல்லுங்கள்.

வடலூர், சாயங்காலம்

கடலூர் வழியாகத் திரும்புகிறவர்களுக்கு வடலூர் வழியிலேயே வருகிறது. அதைத் தாண்டிப் போவது எனக்கு ஒப்பாத காரியம்.

வள்ளலார் 1867 மே மாதம் இங்கே தருமசாலையைத் தொடங்கி அடுப்பைப் பற்றவைத்தார். அந்த அடுப்பு இன்று வரை அணையவிடப்படவில்லை. யார் வந்தாலும், எந்த ஊர் எந்தச் சாதி என்று கேட்காமல், சோறு. பந்தியில் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடலாம், கூச்சப்பட வேண்டியதில்லை. போகும்போது கொஞ்சம் அரிசியோ காய்கறியோ எடுத்துப்போய்க் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள். பிள்ளைகள் கையாலேயே கொடுக்கச் சொல்லுங்கள். அணையா அடுப்பைப் பார்க்கும்போது உள்ளே வேலை செய்கிறவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் தள்ளி நில்லுங்கள்.

சத்திய ஞான சபை அருகிலேயே இருக்கிறது. எண்கோணக் கட்டடம், சுற்றிலும் பரந்த பெருவெளி. 1872 தைப்பூசத்தில் இங்கே முதல் ஜோதி தரிசனம் நடந்தது. தைப்பூசத்தன்று ஏழு திரைகளும் விலகி ஜோதி தெரியும். மாதப் பூச நாட்களிலும் தரிசனம் உண்டு. கொலை, புலை தவிர்த்தவர்கள் மட்டும் உள்ளே வர வேண்டும் என்பது இங்குள்ள விதி. அசைவம் சாப்பிடும் குடும்பம் என்றால் இதை முன்பே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள், வாசலில் வைத்து விளக்க வேண்டியிருக்காது. வெளியே நின்று பார்ப்பதற்கு யாரும் தடை சொல்ல மாட்டார்கள்.

இரண்டாவது நாள் இருந்தால்

சிதம்பரத்தில் தங்கிவிட்டு மறுநாள் காலை பிச்சாவரம் போகலாம். சுரபுன்னைக் காட்டுக்குள் படகு. வெயிலுக்கு முன் போனால்தான் சுகம். அல்லது கடலூருக்கே திரும்பி தேவனாம்பட்டினத்தில் புனித டேவிட் கோட்டையின் மிச்சத்தைக் காட்டலாம். 1690இல் ஆங்கிலேயர் வாங்கிய கோட்டை. 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனபோது சில ஆண்டுகள் இதுதான் தலைமையிடம். இன்று இடிபாடுதான், பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். பக்கத்தில் சில்வர் பீச். காலை நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அலை இழுக்கும். நெய்வேலியையும் பிச்சாவரத்தையும் ஒரே நாளில் முடிக்கும் திட்டத்தோடு யாராவது வந்தால் நான் கையெடுத்துக் கும்பிட்டுவிடுவேன்.

பையில் என்ன, வாங்கி வர என்ன

ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், மாற்றுச் சட்டை, ஈரத் துண்டு, பழைய செய்தித்தாள். பயணத்தில் வாந்தி எடுக்கும் பிள்ளைக்கு எலுமிச்சை. டவுன்ஷிப்பில் நிறுவனத்தின் பொது மருத்துவமனை இருக்கிறது என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

பண்ருட்டி வழியாகத் திரும்பினால் காடாம்புலியூர்ப் பக்கம் சாலையோரம் முந்திரிப் பருப்பு விற்பார்கள். முழுப் பருப்பு, பாதி, உடைசல் என்று விலை இறங்கிக்கொண்டே வரும். பாயசத்துக்குப் பாதியே போதும். ஏப்ரல், மே என்றால் மரத்தில் முந்திரிப் பழம் தொங்கும். உப்புத் தொட்டுச் சாப்பிடலாம், இல்லாவிட்டால் தொண்டை காரும். ஆனால் பச்சைக் கொட்டையைப் பிள்ளைகள் கடிக்கவோ கல்லால் உடைக்கவோ விடாதீர்கள். ஓட்டில் இருக்கும் எண்ணெய் பட்டால் தோல் வெந்து கொப்புளித்துவிடும். இதை வெளியூர்க்காரர்கள் பலரும் அறிந்திருப்பதில்லை.

பலாப்பழத்தை முழுதாக வாங்க ஆசை வரும். தட்டிப் பாருங்கள்: மந்தமான சத்தம் வந்தால் பழுத்தது, டங்கென்று கேட்டால் இன்னும் நாளாகும். வீட்டில் வெட்டும்போது கையிலும் கத்தியிலும் நல்லெண்ணெய் தடவிக்கொண்டால் பால் ஒட்டாது. பஸ்ஸில் வந்தவர்கள் சுளையாக வாங்கிவிடுவது மேல். முழுப் பழத்தோடு ஏறினால் கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கிழிப்பார், அந்த வாசத்தோடு கடலூர் வரைக்கும் பக்கத்து சீட்டுக்காரருக்கும் நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.